விழுந்தாலும் உடையாத விமானம்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களைப் பற்றி எழுதியபோது, "நிஜ விமானத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மாதமாவது சிமுலேட்டரில் கை பழகட்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சிமுலேட்டர் என்பது கணினித் திரையில் மாதிரி விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். ஒரு வாரமாகச் சிமுலேட்டரில் ஓட்டுகிறேன். விமானம் என்னை விட்டு விலகிப் போகும்போது நன்றாகத்தான் ஓட்டுகிறேன். அது திரும்பி என்னைப் பார்த்து வந்தால் கை குழம்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தரையில் குத்திவிடுகிறேன். எனக்கு இது வரவே வராதா?

பதில்: வரும் தம்பி, நிச்சயம் வரும். இதில் இறங்குகிற எல்லோரும் முட்டி நிற்கிற இடம் இதுதான். ஆள் ஏறிப் பறக்கும் பெரிய விமானத்தில் விமானி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விமானம் எந்தத் திசையில் போனாலும் அதன் வலதுதான் அவருடைய வலது. நாம் தரையில் நிற்கிறோம். விமானம் நமக்கு முதுகு காட்டிப் போகும்வரை தொல்லை இல்லை. அது முகம் காட்டித் திரும்பியதும் அதன் வலது நமக்கு இடதாகிவிடுகிறது.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பார். விமானம் உன்னை நோக்கி வருகிறது. உன் இடக்கைப் பக்கம் தெரியும் இறக்கை லேசாகத் தாழ்கிறது. "இடப்பக்கம் சாய்கிறதே, கையிலுள்ள ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளு" என்கிறது மூளை. தள்ளுகிறாய். தாழ்ந்த இறக்கை இன்னும் தாழ்கிறது. பதறிப்போய் இன்னும் தள்ளுகிறாய். விமானம் புரண்டு, மூக்கைக் கீழே போட்டு இறங்கிவிடுகிறது. எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு எண்ணம்: முட்டுக் கொடுப்பது. சாய்கிற சுவருக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்போம்? சாய்கிற பக்கம்தானே. விமானம் உன்னை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு அடியில் கோலை ஊன்றித் தூக்குவதாக நினைத்துக்கொள். வலது எது, இடது எது என்று கணக்குப் போடாதே. கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

விமானம் போகும் திசைக்கு உடம்பைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலே பார்த்தபடி ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பழக்கத்தை விட வேண்டிவரும், விடுவது கஷ்டம்.

பயிற்சியை இப்படி வைத்துக்கொள். நல்ல உயரத்துக்குப் போ. தொலைவிலிருந்து நேராக உன் தலையை நோக்கி வா. திருப்பாதே, வேறொன்றும் செய்யாதே, இறக்கைகள் மட்டமாக இருந்தால் போதும். தலைக்கு மேலே கடந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வா. ஒரு நாளைக்கு 20 தடவை. அப்புறம் கிடைமட்டமாக எட்டுப் போடு. எட்டுப் போட்டால் இரண்டு பக்கமும் திரும்பியே ஆகவேண்டும். தொடங்குபவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரே பக்கமாகத் திரும்பிப் பழகிவிடுகிறார்கள். இடப்பக்கச் சுற்று அழகாக இருக்கும், வலப்பக்கம் திரும்பச் சொன்னால் தடுமாறுவார்கள்.

எனக்கு இது பிடிபட்டது இரண்டாவது வாரத்தில், ஒரு இரவு. இறக்கை சாய்ந்தது. நான் யோசிக்கத் தொடங்குமுன் கட்டைவிரல் முட்டுக் கொடுத்து முடித்திருந்தது. விரலுக்குத் தெரிந்தது மூளைக்கு அப்புறம்தான் தெரிந்தது. சிமுலேட்டரில் நாம் தேடுவது இந்த ஒன்றைத்தான் தம்பி. ஒரு வாரத்தில் கைவிட்டுவிடாதே.

கேள்வி: கீபோர்டிலோ கேம்பேடிலோ பழகினால் போதாதா? ரேடியோ (விமானத்தை இயக்கும் கைக்கருவி) வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்: போதாது. கீபோர்டில் ஒரு விசையை அழுத்தலாம், விடலாம். இடைப்பட்ட அளவே கிடையாது. விமானம் ஓட்டுவது முழுக்க அந்த இடைப்பட்ட அளவில்தான் இருக்கிறது. கேம்பேடின் ஸ்டிக் மிகக் குட்டை. விட்டால் நடுவுக்கு ஓடி வந்துவிடும். நிஜ ரேடியோவில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஸ்டிக் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

நாளைக்கு எந்த ரேடியோவால் பறக்கப் போகிறீர்களோ அதையே கணினியில் இணையுங்கள். இன்றைய ரேடியோக்கள் பலவும் யூ.எஸ்.பி. கம்பியைச் செருகியதும் கணினிக்கு ஜாய்ஸ்டிக்காகத் தெரியும். பழைய ரேடியோ என்றால் பின்பக்கத்து டிரெய்னர் துளையில் செருகும் கம்பி கிடைக்கும். முதல் வேலையாகச் சிமுலேட்டரில் ஸ்டிக்குகளின் அளவு சரிபார்க்கும் பக்கத்துக்குப் போய், எல்லா ஸ்டிக்குகளையும் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதைச் செய்யாமல் "விமானம் ஒருபக்கமாகவே இழுக்கிறது" என்று எழுதியவர்கள் இந்த மாதம் மட்டும் மூன்று பேர்.

எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்பதைப் பொறுத்து ரேடியோவில் மோட் 1, மோட் 2 என்று உண்டு. மோட் 2-ல் இடக்கை ஸ்டிக் த்ராட்டிலும், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரும். வலக்கை ஸ்டிக் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரும், இறக்கையின் விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் எய்லெரானும். மோட் 1-ல் த்ராட்டிலும் எலிவேட்டரும் கைமாறிவிடும். எது உயர்ந்தது என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். திடலில் உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எந்த மோடோ அதுவே உங்கள் மோட். அவர் உங்கள் ரேடியோவை ஒரு நொடியில் வாங்கி விமானத்தைக் காப்பாற்ற வேண்டிய நாள் வரும்.

மென்பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் பழகியது எஃப்.எம்.எஸ். என்ற பழைய இலவச மென்பொருளில். மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும், ஆனாலும் விரல் பழகியது. இப்போது பிக்காசிம், சி.ஆர்.ஆர்.சி.சிம் இரண்டும் இலவசம். ரியல்ஃப்ளைட், ஏரோஃப்ளை ஆர்.சி. போன்றவை காசுக்கு. அவற்றில் காற்றும் தரையிறக்கமும் இன்னும் நிஜமாக இருக்கும். டி.வி.யில் இணைத்து ஓட்டுவதாக இருந்தால் அதன் கேம் மோடை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டிக் அசைந்து சற்றுத் தாமதித்துத்தான் விமானம் அசையும்; நீங்கள் அதைத் துரத்தித் துரத்தித் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: என் பையனுக்கு 12 வயது. ஒரு மாதமாகச் சிமுலேட்டரில் தலைகீழாகவெல்லாம் பறக்கிறான். நிஜ ஜெட் மாடல்தான் வேண்டும் என்கிறான். வீட்டுக்காரரோ "இதுவும் வீடியோ கேம்தானே, இதை நம்பி விமானம் வாங்குவதா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பதில் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-ல் ஒரு பறக்கும் பயிற்சி எந்திரம் செய்தார். அவருடைய அப்பா இசைக்கருவி செய்பவர். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியை ஆட்டவும் சாய்க்கவும் வைத்தார் மகன். தொடக்கத்தில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விற்க முடிந்தது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் அஞ்சல் கொண்டுபோகும் வேலை தரப்பட்டது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாமல் பலர் இறந்தார்கள். அதன் பிறகு ராணுவம் தேடிப்போய் வாங்கியது அதே பெட்டிகளைத்தான். விளையாட்டுச் சாமானாகப் பார்க்கப்பட்டது உயிர் காக்கும் சாமானாக மாறியது, பயன்படுத்திய விதத்தால்.

அந்த "விதம்"தான் உங்கள் பையனுக்கான பதில். சிமுலேட்டரில் ஒரு பொத்தான் உண்டு. விமானம் நொறுங்கியதும் அதை அழுத்தினால் புது விமானம் ஓடுபாதையில் வந்து நிற்கும். பிள்ளைகள் அதை மூச்சு விடுவதுபோல் அழுத்துகிறார்கள். நானும் என் தம்பியும் சேர்ந்து செய்த முதல் விமானம் பால்சா மரத்தில் செய்தது. மூன்று மாத வேலை. ஒவ்வொரு விலாவையும் பிளேடால் அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டி, மேலே காகிதம் போர்த்தினோம். எங்களுக்கு அப்போது சிமுலேட்டர் கிடையாது. கையால் எறிந்த எட்டாவது விநாடியில் அது தரையில் இருந்தது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வரும்போது தம்பி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கனம் திரையில் இல்லை. அதை நாமாகத்தான் வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு ஒப்பந்தம் போடுங்கள். தலைகீழ்ப் பறத்தல் எல்லாம் அப்புறம். இறக்கை மேலே பொருத்தப்பட்ட, மெதுவாகப் பறக்கும் டிரெய்னர் என்னும் பயிற்சி விமானத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும். காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைக்கட்டும். கிளம்பி, ஓடுபாதையை ஒட்டிச் சதுரமாகச் சுற்றி, ஓடுபாதைக்குள் இறக்க வேண்டும். தொடர்ந்து 10 முறை: ஐந்து இடப்பக்கச் சுற்று, ஐந்து வலப்பக்கச் சுற்று. நடுவில் ஒரு முறை உடைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கணினியை மூடிவிட வேண்டும். நாளைக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒன்பதாவது தரையிறக்கத்தில் அவன் கை எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். திடலில் இருக்கும் பயத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அதுதான்.

பத்தும் முடித்தால் அவனுக்கு ஒரு ஃபோம் டிரெய்னர் வாங்கித் தரலாம். ஜெட் இப்போது வேண்டாம். அது வேகமாக வரும், வேகமாகவே இறங்கும், யோசிக்க இடம் தராது.

கேள்வி: சிமுலேட்டரில் 40 மணி நேரம் ஓட்டினேன். நிஜ விமானம் 20 விநாடியில் விழுந்தது. கிளம்பியது நன்றாக இருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளும் திசையில் திரும்பியதும் விமானம் தறிகெட்ட வேகத்தில் போவதுபோல் இருந்தது. த்ராட்டிலைக் குறைத்து, இன்னும் இறுக்கித் திருப்பினேன். திடீரென்று ஒரு இறக்கை மடிந்தாற்போல் கீழே போய்விட்டது. ரேடியோ தொடர்பு அறுந்துவிட்டதா?

பதில்: எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் கடிதத்திலேயே பதிலும் இருக்கிறது. ரேடியோ தொடர்பு அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. விமானம் ஸ்டால் ஆகியிருக்கிறது, அதாவது இறக்கை தன் தூக்கும் சக்தியை இழந்திருக்கிறது.

உங்கள் விமானம் காற்றுக்குள் மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு 15. எதிர்காற்றில் தரையிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது 25-ல் ஊர்கிறது. திரும்பியதும் அதே விமானம் 55-ல் பாய்கிறது. இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தெரிவது காற்றுக்குள் உள்ள 40 மட்டும். நீங்கள் 55-ஐப் பார்த்துப் பயந்து த்ராட்டிலைக் குறைத்தீர்கள். 40 என்பது 30-க்கு வந்தது. தரையிலிருந்து பார்க்க இன்னமும் 45, அதாவது இன்னமும் வேகமாகத்தான் தெரிந்திருக்கும்.

அதோடு இறுக்கித் திருப்பினீர்கள். உயரம் குறையாமல் 60 பாகை சாய்த்துத் திருப்பினால் இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். அப்போது ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 1.4 மடங்காகிவிடும். நேராகப் பறக்கும்போது 25-ல் ஸ்டால் ஆகிற விமானம் அந்தத் திருப்பத்தில் 35-லேயே ஆகிவிடும். நீங்கள் 30-ல் இருந்திருக்கிறீர்கள். உள்பக்கத்து இறக்கைதான் பொதுவாக முதலில் கைவிடும். நீங்கள் "மடிந்தாற்போல்" என்று எழுதியது அதைத்தான்.

40 மணி நேரமும் காற்று இல்லாமல் ஓட்டினீர்கள் என்று ஊகிக்கிறேன். பல சிமுலேட்டர்களில் காற்று தொடக்கத்தில் அணைந்தேதான் இருக்கும். இன்று இரவே அதைப் போடுங்கள். அதே தவறை வேண்டுமென்றே செய்யுங்கள்: பின்காற்றில் திருப்பி, த்ராட்டில் குறைத்து, எலிவேட்டரை இழுத்து. பத்து முறை ஸ்டால் ஆகட்டும். விழுவதற்கு முன் மூக்கு தூக்கலாக நிற்பது, ஸ்டிக்குக்கு விமானம் சோம்பலாகப் பதில் சொல்வது, இரண்டும் கண்ணுக்குப் பழகிவிடும். மீள்வதற்கு முதலில் எலிவேட்டரை விடுங்கள், த்ராட்டிலைக் கூட்டுங்கள், இறக்கையை மட்டமாக்குவது அதற்குப் பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் உள்ள விமானம் எப்போதும் சரியாகப் பூட்டப்பட்ட விமானம். அதன் எடை மையம் சரி, பேட்டரி முழுசு, எய்லெரான் சரியான திசையில் அசையும். நிஜத்தில் இது மூன்றும் உங்கள் பொறுப்பு. எடை மையம் சாதாரண டிரெய்னரில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையுள்ள அகலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும். விமானத்தோடு வந்த கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் இருந்தால்தான் முழுசு. முதல் நாட்களில் ரேடியோவில் ஐந்து நிமிட டைமர் வையுங்கள்.

எய்லெரானைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அனுபவித்திருக்கிறேன். பழுது பார்த்துத் திரும்பி வந்த விமானம். எய்லெரானை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ எதிர்த்திசையில் அமைந்திருந்தது. எல்லாம் அசைகிறதா என்று பார்த்தேன், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. தரையை விட்டு எழும்பியதும் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் தள்ளினேன். மூன்று விநாடியில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் விமானத்துக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சொல்கிறேன்: "ஸ்டிக் வலது, வலது எய்லெரான் மேலே. ஸ்டிக் என் பக்கம், எலிவேட்டர் மேலே." நீங்களும் சத்தமாகவே சொல்லுங்கள்.

கேள்வி: திரையில் விமானம் சற்றுத் தூரம் போனாலே புள்ளியாகிவிடுகிறது. தானாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கொஞ்சம் போடலாம். 1.2 மீட்டர் இறக்கை உள்ள விமானம் 140 மீட்டர் தூரத்தில் இருந்தால் நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட முழுநிலாவின் அகலம்தான். நிஜக் கண் அந்த அளவிலும் இறக்கை சாய்வதைப் பிடித்துவிடும். அகலவாக்கில் 1,920 புள்ளிகள் உள்ள திரை 60 பாகைக் காட்சியைக் காட்டினால், அதே விமானத்துக்குக் கிடைப்பது சுமார் 15 புள்ளி. அதில் சாய்வு எங்கே தெரியும்! ஆகவே கொஞ்சம் பெரிதாக்குவது நியாயமே. ஆனால் தரையும் தொடுவானமும் திரையை விட்டுப் போகிற அளவுக்கு வேண்டாம். உயரத்தைக் கண் அளப்பது அவற்றை வைத்துத்தான். சிமுலேட்டர் பெரிதாக்கித் தருகிறது என்பதற்காகத் தூரத்தில் ஓட்டிப் பழகவும் வேண்டாம்; திடலில் அந்தத் தூரத்தில் விமானத்தைத் தொலைத்துவிடுவீர்கள்.

கேள்வி: சகோதரி, எனக்கு வயது 67. ஓய்வுக்குப் பிறகு ஆசைப்பட்டுத் தொடங்கியிருக்கிறேன். விரல்களில் லேசான நடுக்கம் உண்டு. விமானம் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் ஐயா. ரேடியோவில் எக்ஸ்போ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை எலிவேட்டருக்கும் எய்லெரானுக்கும் 30 சதவீதம் வையுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சின்ன அசைவுகளை அது தணித்துவிடும்; முழுசாகத் தள்ளினால் முழு வீச்சும் கிடைக்கும். எந்தப் பக்கம் கூட்டுவது என்பதில் எல்லா ரேடியோவும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் 30 என்று போட வேண்டும், சிலவற்றில் கழித்தல் 30. முதலில் சிமுலேட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டைவிரலை மட்டும் ஸ்டிக்கின் உச்சியில் வைக்காமல், கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகக் கிள்ளிப் பிடியுங்கள். ரேடியோவைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் கைக்குக் கனம் இருக்காது. நாளுக்கு 20 நிமிடம் போதும், அதையே காலையில் பத்து, மாலையில் பத்தாகப் பிரியுங்கள். என்னிடம் பழகியவர்களில் தரையிறக்கத்தில் அதிகப் பொறுமை காட்டியவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்தான்.

கேள்வி: இப்போது ஸ்டிக்கை விட்டால் தானாக மட்டமாகிக்கொள்ளும் விமானங்கள் வந்துவிட்டன. அப்புறம் சிமுலேட்டர் எதற்கு?

பதில்: நல்ல வசதிதான், முதல் சில பறத்தல்களுக்கு நானே போட்டுக்கொடுப்பேன். ஆனால் அதில் மட்டும் பழகினால், ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் விமானம் சாய்ந்து நிற்கும் என்று விரல் கற்றுக்கொள்கிறது. அந்த உதவி இல்லாத விமானம் அப்படி இல்லை; சாய்த்துவிட்டு ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் அது பெரும்பாலும் சாய்ந்தபடியே போகும். சிமுலேட்டரில் அந்த உதவியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: நன்றாகப் பறக்கக் கற்ற பிறகும் நீங்கள் சிமுலேட்டரைத் தொடுவது உண்டா?

பதில்: வாரம் தவறாமல். மழைக்காலத்தில் தினமும். நான் பழகுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: மோட்டார் நின்றுபோன தரையிறக்கம். கண்டபடி சுற்றிக்கொண்டிருப்பேன், என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் கொள்ளாமல் "நின்னுடுச்சு" என்பான். அந்த நொடியில் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிட வேண்டும். மூக்கைச் சற்றுத் தாழ்த்து, காற்றின் திசையைப் பார், ஓடுபாதைக்கு எட்டுமா எட்டாதா என்று முடிவு செய். எட்டாது என்றால் ஓடுபாதையை மறந்துவிட்டு, கிடைத்த புல்வெளியில் நேராக இறக்கு. கடைசிவரை எலிவேட்டரை இழுத்து இழுத்து ஓடுபாதைக்கு நீட்டப் பார்த்தால் அங்கேயும் ஸ்டால்தான். நேற்று பன்னிரண்டு முறை சொன்னான். ஒன்பது முறை ஓடுபாதையில் இறங்கியது, இரண்டு முறை புல்லில். ஒரு முறை நீட்டப் பார்த்தேன், இறக்கை போய்விட்டது. கணினியை மூடிவிட்டு எழுந்தோம்.